தனித்து நின்ற சிம்சோனும் கூடி நின்ற பதினொருவரும்



உதைபந்தாட்டத்தை நேசிக்கும் மக்கள் நம்மிடையே பலர் உளர். மன்னார், யாழ்ப்பாணக் கரையோரக் கிராமங்கள் பலவற்றில் புனிதர்களின் பெயர்களைத் தாங்கிய விளையாட்டுக் கழகங்கள் உண்டு. ஆலய மணியோசை கேட்கும் தூரத்திலேயே பந்து உதைபடும் ஓசையும் கேட்கும். உலகக் கிண்ணப் போட்டிகள் நெருங்கும்போதெல்லாம் இவ்வூர்களிலே ஒரு பழைய விவாதம் புத்துயிர் பெறும். ஒரு தேசிய அணிக்கு வெற்றியைத் தேடித் தருவது ஒப்பற்ற ஒரு வீரனின் திறமையா, அன்றேல் பதினொருவரின் ஒத்துழைப்பா என்பதே அவ்விவாதம்.

இக்கேள்வி விளையாட்டுத் திடலோடு நின்றுவிடுவதன்று. வரம்பெற்ற ஒருவரை நம்பி நடக்கும் எந்தச் சபையிலும், எந்தக் குடும்பத்திலும், எந்தச் சங்கத்திலும் எழவேண்டிய கேள்வி இது. ஆகவே இவ்வாரம் இதனைச் சற்று ஆழமாகச் சிந்திப்போம்.

"ஒற்றுமையே பலம்" என்று கூறி முடித்துவிடுவது எளிது. அதற்குச் சான்றுகளும் இல்லாமலில்லை. 1998இல் உலகக் கிண்ணத்தையும் 2000இல் ஐரோப்பியக் கிண்ணத்தையும் வென்ற பிரான்ஸ் அணி, 2002ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்திற்குப் புறப்பட்டபோது அதனை வெல்ல யாருமில்லை என்றே பலரும் எண்ணினர். இங்கிலாந்து, இத்தாலி, பிரான்ஸ் ஆகிய மூன்று நாடுகளின் முதற்தரச் சுற்றுப்போட்டிகளில் அந்தப் பருவத்தில் அதிக கோல்களை அடித்தோர் வரிசையில் முதலிடம் பெற்ற ஹென்றி, ட்ரெஸகே, சிஸே ஆகிய மூவரும் அந்த ஒரே அணியில் இருந்தனர். நடந்தது என்ன? முதற்போட்டியில் செனகலிடம் தோல்வி. அடுத்து உருகுவேயுடன் கோலற்ற சமநிலை. பின்னர் டென்மார்க்கிடம் தோல்வி. காயமுற்றிருந்த ஸிடான் முதலிரு போட்டிகளிலும் ஆடவில்லை என்பது உண்மைதான். எனினும் கோல் அடிப்பதையே தொழிலாகக் கொண்ட மூவரை வைத்துக்கொண்டு, ஒரு கோலேனும் அடிக்காமல் உலகச் சம்பியன்கள் வீடு திரும்பினர்.

இரண்டு ஆண்டுகள் கழித்து 2004இல் போர்த்துக்கலில் ஐரோப்பியக் கிண்ணம் நடைபெற்றது. அதற்கு முன்னர் எந்தவொரு பெரிய சுற்றுப்போட்டியின் இறுதிக் கட்டத்திலும் ஒரு போட்டியையேனும் வென்றறியாத கிரேக்க அணி, ஒட்டோ ரெஹாகல் என்ற ஜேர்மனியப் பயிற்றுநரின் கீழ் அங்கு வந்தது. காலிறுதியில் பிரான்ஸையும், அரையிறுதியில் செக் குடியரசையும், இறுதிப் போட்டியில் பீகோவும் டெக்கோவும் இளம் ரொனால்டோவும் அணிவகுத்த போர்த்துக்கலை அதன் சொந்த மண்ணிலேயும் அவ்வணி வென்றது. மூன்று போட்டிகளின் முடிவும் ஒன்றுக்குப் பூச்சியம். மூன்று கோல்களும் தலையால் முட்டி அடிக்கப்பட்டவை. உலகம் அறிந்த பெரும் நட்சத்திரம் ஒருவரேனும் அவ்வணியில் இருக்கவில்லை. தத்தம் இடத்தை விட்டு அகலாமல், தத்தம் கடமையைச் செய்த மனிதர்களே இருந்தனர்.

இவ்விரு நிகழ்வுகளையும் அருகருகே வைத்துவிட்டு, "பார்த்தீர்களா, தனித்திறமை வீண், கூட்டு முயற்சியே மேன்மை" என்று தீர்ப்புக் கூறிவிடலாம். ஆனால் அத்தீர்ப்பு வேதத்திற்கும் பொருந்தாது, விளையாட்டிற்கும் பொருந்தாது. தாலந்தைப் புதைத்து வைத்தவனை எஜமான் பாராட்டவில்லையே! தேவன் ஒருவருக்கு மிகுதியான ஆற்றலைக் கொடுத்திருப்பின், அது அடக்கி ஒடுக்கப்படுவதற்காகக் கொடுக்கப்பட்டதாக இருக்க முடியாது. அப்படியாயின் பிழை எங்கே நேர்கிறது?

அதனை அறிய நியாயாதிபதிகள் ஆகமத்திற்குச் செல்வோம். வேதாகமத்தில் தனித்திறமைக்கு உதாரணமாக ஒருவரைச் சுட்டவேண்டுமாயின் அவர் சிம்சோனே. தாயின் கருவிலிருந்தே பிரித்தெடுக்கப்பட்டவர். ஆவியானவர் இறங்கியபோது சிங்கத்தை வெறுங்கையால் கிழித்தவர். கழுதையின் தாடையெலும்பு ஒன்றைக்கொண்டு ஆயிரம் பேரை வீழ்த்தியவர். இஸ்ரவேலை இருபது ஆண்டுகள் நியாயம் விசாரித்தவர். ஆயினும் அவருடைய வரலாற்றை ஒருமுறை முழுமையாக வாசித்துப் பாருங்கள். அவருக்கு ஒரு படை இல்லை. தோள்கொடுக்கும் தோழன் ஒருவனும் இல்லை. கிதியோனுக்கு முந்நூறு பேர் இருந்தனர்; தெபோராளுக்குப் பாராக் இருந்தான். சிம்சோனோ தனியே போகிறார், தனியே போரிடுகிறார், இறுதியில் பகைவர் நடுவே தனியே மடிகிறார்.

இது சிம்சோனின் பிழை மட்டுந்தானா? பதினைந்தாம் அதிகாரத்திலே நாம் பெரும்பாலும் கவனியாமற் கடந்துபோகும் ஒரு காட்சி உண்டு. பெலிஸ்தர் யூதாவுக்கு விரோதமாகப் பாளயமிறங்குகின்றனர். அப்போது யூதாவின் மனிதர் மூவாயிரம் பேர் சிம்சோன் தங்கியிருந்த ஏத்தாம் கன்மலைக்குத் திரண்டு வருகின்றனர். அவரோடு தோள்சேர்ந்து போரிடவா வந்தார்கள்? இல்லை. பெலிஸ்தர் தங்களை ஆளுகிறார்கள் என்பதை நினைவூட்டி, அவரைக் கடிந்துகொண்டு, இரண்டு புதிய கயிறுகளால் கட்டி, எதிரியிடம் ஒப்புக்கொடுக்கவே வந்தார்கள். முந்நூறு பேரைக்கொண்டு கிதியோன் மீதியானியரைத் துரத்தினான். இங்கே மூவாயிரம் பேரும் ஈடற்ற ஒரு பலசாலியும் ஒரே கன்மலையில் நிற்கிறார்கள். ஆனால் ஓர் அணி அங்கே இல்லை. வரம்பெற்றவருக்குத் துணையைத் தேடத் தெரியவில்லை. துணையாக நிற்கவேண்டியவர்களுக்கு வரம்பெற்றவர் ஒரு தொல்லையாகத் தோன்றினார்.

இந்த இரட்டைப் பிழையையே நாம் இன்றும் காண்கிறோம். திறமையாளன் தனித்தே நின்றுகொள்வது ஒன்று. ஏனையோர் அவனைக் கைவிடுவது, அல்லது எல்லாவற்றையும் அவன் தலைமீது ஏற்றிவிடுவது மற்றொன்று.

2014ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்தைப் பிரேஸில் தன் மண்ணிலேயே நடத்தியது. அத்தேசத்தின் நம்பிக்கை முழுவதும் நெய்மார் என்ற ஓர் இளைஞனின் தோளில் ஏற்றப்பட்டிருந்தது. கொலம்பியாவுடனான காலிறுதியில் அவர் முதுகெலும்பில் காயமுற்றார். அரையிறுதி நாளன்று தேசிய கீதம் இசைக்கையில் சக வீரர்கள் அவருடைய சட்டையைக் கையில் ஏந்தி நின்றனர். அன்று தடை காரணமாகப் பின்களத் தூணான அணித்தலைவர் தியாகோ சில்வாவும் ஆடவில்லை. அவருடைய இடமே அணியில் பெரிய பள்ளமாக இருந்தது. ஆட்டம் தொடங்கி 29 நிமிடங்களுக்குள் ஜேர்மனி ஐந்து கோல்களை அடித்தது. ஏழுக்கு ஒன்று என்று அந்நாள் முடிவுற்றது. ஒருவரையே நம்பி வாழ்ந்த அணிக்கு, அவ்வொருவர் இல்லாத வேளையில் தன்னை எவ்வாறு காத்துக்கொள்வதென்று தெரியாமற் போயிற்று.

இதற்கு மறுபுறமாக, ஜோர்ஜ் வியாவை எண்ணிப்பாருங்கள். மேற்கு ஆபிரிக்காவின் லைபீரியாவில் வறிய குடியிருப்பில் வளர்ந்து, 1995இல் உலகின் தலைசிறந்த வீரராகத் தெரிவானவர். பின்னாளில், 2018 முதல் 2024 வரை, அந்நாட்டின் ஜனாதிபதியாகவும் இருந்தவர். உள்நாட்டு யுத்தத்தால் சிதைந்துபோயிருந்த தம் தேசத்தின் அணிக்கு அவர் விளையாட்டு வீரராக மட்டும் இருக்கவில்லை. பயணச் செலவுக்கும் சீருடைக்கும் தம் சொந்தப் பணத்தைக் கொடுத்தார், பயிற்றுநராகவும் நின்றார். ஆயினும் லைபீரியா உலகக் கிண்ணத்தின் வாசலை மிதிக்கவில்லை. 2002ஆம் ஆண்டுப் போட்டிக்கான தகுதிகாண் சுற்றில் ஒரேயொரு புள்ளியால் நைஜீரியாவிடம் அவ்வாய்ப்பை இழந்தது. எவ்வளவு பெரிய வரமாயினும், எவ்வளவு தாராள மனமாயினும், ஒருவர் பதினொருவராக ஆகிவிட முடியாது. வியாவின் மேன்மை இதனால் சற்றும் குறையவில்லை. மனிதனின் எல்லையை மட்டுமே இது காட்டுகிறது.

இப்போது ஆர்ஜென்டீனாவின் கதைக்கு வருவோம். லியோனல் மெஸியின் வரத்தைப் பற்றி விளக்கவேண்டிய தேவையில்லை. ஆயினும் 2006 முதல் 2018 வரை அவர் ஆடிய நான்கு உலகக் கிண்ணங்களிலும் கிண்ணம் கைக்கு வரவில்லை. 2010இல் ஜேர்மனியிடம் நான்குக்குப் பூச்சியம் என்ற தோல்வி. 2014 இறுதிப் போட்டியில் அதே ஜேர்மனியிடம் மேலதிக நேரத்தில் விழுந்த ஒரு கோலினால் தோல்வி. 2015இலும் 2016இலும் கோப்பா அமெரிக்கா இறுதிப் போட்டிகளில் சிலியிடம் பெனால்டி உதைகளில் தோல்வி. 2016இல் தம் உதையையும் தவறவிட்ட மெஸி, மனமுடைந்து தேசிய அணியிலிருந்து விலகுவதாகவே அறிவித்தார். கழகத்திற்காக எல்லாம் வென்றவர் தேசத்திற்காக ஒன்றும் வெல்லவில்லை என்றும், தேசிய கீதத்தைப் பாடுவதில்லை என்றும் சொந்த நாட்டவரே அவரைத் தூற்றினர். பந்தை அவருக்குக் கொடுத்துவிட்டு அற்புதம் நிகழுமென்று காத்திருந்தனர். அற்புதம் நிகழாத நாட்களில் கயிறுகளுடன் வந்தனர். ஏத்தாம் கன்மலையில் நின்ற யூதாவின் மனிதரை இது நினைவூட்டவில்லையா?

மெஸி திரும்பி வந்தார். 2018இல் பொறுப்பேற்ற லியோனல் ஸ்கலோனி, அதற்கு முன்னர் பெரியவர்களுக்கான எந்த அணிக்கும் தலைமைப் பயிற்றுநராக இருந்திராதவர். அவருடைய காலத்தில் அணியின் இயல்பு மெல்ல மாறிற்று. டி போல், என்ஸோ பெர்னாண்டஸ், மக் அலிஸ்டர் போன்ற மத்தியகள வீரர்கள் ஓடினார்கள், பந்தை மீட்டார்கள், மெஸி நடந்து செல்லும் இடத்தையும் தாங்களே காவல் செய்தார்கள். 2021இல் ரியோவின் மரக்கானா திடலில் பிரேஸிலை வென்று கோப்பா அமெரிக்காவைப் பெற்றபோது, இறுதிப் போட்டியின் ஒரே கோலை அடித்தவர் மெஸி அல்லர், டி மரியா. ஆட்டம் முடிந்த ஊதல் ஒலித்ததும் அணியினர் யாரை நோக்கி ஓடினார்கள் தெரியுமா? முழந்தாளிட்டு விழுந்த மெஸியை நோக்கியே ஓடினார்கள்.

2022 கட்டார் உலகக் கிண்ணத்தின் முதற்போட்டியில் சவூதி அரேபியாவிடம் தோற்ற அந்த அணி, சிதறாமல் எழுந்து இறுதிப் போட்டிக்கு வந்தது. பிரான்ஸுக்கு எதிரான அந்த ஆட்டத்தின் இரண்டாவது கோலைப் பார்த்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். மெஸி மென்மையாகத் தொட்டு அனுப்பிய பந்து அல்வாரெஸிடமும், அவரிடமிருந்து மக் அலிஸ்டரிடமும், அவரிடமிருந்து டி மரியாவிடமும் சென்று வலைக்குள் புகுந்தது. மேலதிக நேரத்தின் கடைசிக் கணத்தில் கோல்காப்பாளர் மார்ட்டினெஸ் நீட்டிய கால் இல்லாதிருந்தால் கிண்ணமே கைநழுவியிருக்கும். மறுபுறத்தில் ம்பாப்பே தனியொருவராய் மூன்று கோல்களை அடித்தும் தோற்ற அணியிலேயே நின்றார். மூன்றுக்கு மூன்று என்ற சமநிலையின் பின், பெனால்டி உதைகளில் ஆர்ஜென்டீனா வென்றது.

இங்கே நாம் காணவேண்டியது இது. மெஸியின் வரம் சிறுத்துப்போனதால் வெற்றி வரவில்லை. அச்சுற்றுப்போட்டியின் தலைசிறந்த வீரர் விருதும் அவருக்கே கிடைத்தது. ஏனையோர் வேடிக்கை பார்ப்பதை விட்டார்கள். அவரும் தாம் சுமக்கப்படுவதற்குச் சம்மதித்தார். இரண்டில் எது நடவாதிருந்தாலும் அணி உருவாகியிராது.

பிரியமானவர்களே, நமது சபைகளின் நிலை என்ன? கொரிந்து சபையில் வரங்களுக்குக் குறைவே இருக்கவில்லை. ஆயினும் அங்கே பவுலுக்கு ஒரு கூட்டம், அப்பொல்லோவுக்கு ஒரு கூட்டம், கேபாவுக்கு ஒரு கூட்டம் என்று சபை பிளவுண்டு கிடந்தது. இன்றைய விளையாட்டு இரசிகர்களுக்கும் அவர்களுக்கும் என்ன வேறுபாடு? நட்டவர் ஒருவர், நீர்ப்பாய்ச்சியவர் மற்றொருவர், விளையச் செய்தவரோ தேவன் என்று பவுல் அவர்களுக்கு எழுதவேண்டியதாயிற்று. பன்னிரண்டாம் அதிகாரத்தில், ஆவியானவரின் வரங்கள் பொதுவான நன்மைக்காகவே பகிர்ந்தளிக்கப்பட்டுள்ளன என்று கூறிவிட்டு, ஒரே சரீரத்தின் அவயவங்களைப் பற்றிப் பேசுகிறார். கண் தனக்குக் கையின் உதவி தேவையில்லை என்று கூறிவிட இயலுமா என்பது வரம்பெற்றவருக்கான கேள்வி. கால் தான் கையல்ல என்பதற்காகச் சரீரத்தை விட்டு விலகிவிடலாமா என்பது, தமக்கொன்றும் இல்லையென்று ஒதுங்கி நிற்போருக்கான கேள்வி. பவுல் இரு சாராரையும் கடிந்துகொள்கிறார் என்பதைக் கவனியுங்கள்.

நம்மில் எத்தனை சபைகள் ஒரே பிரசங்கியாரின் நாவன்மையில் நிற்கின்றன! எத்தனை பாடகர் குழுக்கள் ஒரே குரலில் தங்கியிருக்கின்றன! அந்தப் போதகர் இடமாற்றம் பெற்றால் வாங்குகள் வெறுமையாகின்றன. அந்தச் சகோதரி வெளிநாடு சென்றால் பாட்டு நின்றுபோகிறது. எல்லாவற்றையும் இழுத்துச் செய்யும் அந்த ஒரு வாலிபர் களைத்துச் சோர்ந்து ஒருநாள் தவறிவிட்டால், அவரைத் தாங்க ஒருவருமில்லை. விமர்சிக்க மூவாயிரம் பேர் உண்டு. பாராட்டுவதால் மட்டும் நாம் ஒருவருக்குத் துணைநிற்பவர்கள் ஆகிவிடுவதில்லை. கைதட்டிக்கொண்டே ஒருவரைத் தனிமையில் விட்டுவிடவும் முடியும்.

ஒரு கணக்கைப் பாருங்கள். தொண்ணூறு நிமிட ஆட்டத்தில் இருபத்திரண்டு பேருக்கு ஒரே பந்து. சமமாகப் பங்கிட்டால் ஒருவருக்கு நான்கு நிமிடத்திற்குச் சற்றுக் கூடுதலாகவே கிடைக்கும். பந்து வெளியே கிடக்கும் நேரத்தைக் கழித்தால் அதுவும் இல்லை. அப்படியாயின் எத்துணை பெரிய வீரனும் எண்பத்தைந்து நிமிடங்களுக்கு மேலாகப் பந்தில்லாமலே ஆடுகிறான். சக வீரனுக்காக வெளியை உருவாக்கி ஓடுவதும், எதிரியின் பாதையை மறிப்பதும், வீழ்ந்தவனைத் தூக்கிவிடுவதும் அந்த நிமிடங்களில்தான். அவற்றைப் படம்பிடிப்போர் குறைவு. ஆயினும் ஆட்டத்தை வெல்வதும் தோற்பதும் பெரும்பாலும் அங்கேயே தீர்மானிக்கப்படுகிறது.

விசுவாச வாழ்வும் இவ்வாறானதே. பிரசங்க மேடையில் நிற்பது சில நிமிடங்கள். நோயுற்றவரின் கட்டிலருகே அமர்வதும், ஓய்வுநாட் பாடசாலைப் பிள்ளைகளுக்காகக் காத்திருப்பதும், ஆலயத்தைக் கூட்டித் துடைப்பதும், பேரறியாத ஒருவருக்காக இரவில் முழந்தாளிடுவதும் பந்தில்லாத நிமிடங்கள். அமலேக்கியரோடு நடந்த யுத்தத்தில் யோசுவா பள்ளத்தாக்கில் போரிட்டான். மோசே மலையுச்சியில் கைகளை உயர்த்தி நின்றார். மோசேயின் கைகள் தளர்ந்தபோது அவற்றை இருபுறமும் தாங்கியவர்கள் ஆரோனும் ஊரும். அன்று அவர்கள் வாளெடுக்கவில்லை, பேசவுமில்லை. சூரியன் அஸ்தமிக்கும்வரை இரண்டு கைகளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவர்கள் விட்டுவிட்டிருந்தால் பள்ளத்தாக்கில் யோசுவாவின் வாள் என்ன செய்திருக்கும்?

ஆகவே வரம்பெற்ற சகோதரனே, சகோதரியே, உமது வரத்தைக் குறித்து வெட்கப்படவேண்டாம்; அதனைப் புதைக்கவும் வேண்டாம். ஆனால் உம்மருகே நிற்பவர் யார் என்று திரும்பிப் பாரும். நீர் இல்லாத நாளிலும் பணி தொடர்வதற்கு யாரைப் பழக்கியிருக்கிறீர்? உமது கைகள் தளரும்போது தாங்குவதற்கு யாரை அனுமதித்திருக்கிறீர்? சிம்சோன் தம் பலத்தின் இரகசியத்தைத் தெலீலாளிடம் கூறினார். தம் பலவீனத்தைப் பகிர்ந்துகொள்ள அவருக்கு உண்மையான தோழர் ஒருவரும் இருக்கவில்லை.

தமக்கு வரமில்லையென்று பின்வாங்கில் அமர்ந்திருப்பவரே, உம்மிடமும் ஒன்று கேட்கவேண்டியுள்ளது. உமது சபையில் களைத்து நிற்கும் ஒரு சிம்சோன் இருக்கிறாரா? அவரிடம் நீர் எதனைக் கொண்டு செல்கிறீர், கயிற்றையா, தோளையா?

எல்லா வரங்களுக்கும் ஊற்றான நம் ஆண்டவர் தனியே எல்லாவற்றையும் செய்து முடிக்க வல்லவராயிருந்தும் பன்னிருவரைத் தம்மோடிருக்கத் தெரிந்துகொண்டார். செபெதேயுவின் குமாரர் வலதுபுறத்தையும் இடதுபுறத்தையும் கேட்டபோது, பெரியவனாயிருக்க விரும்புகிறவன் பணிவிடைக்காரனாகவேண்டும் என்று அவர்களுக்குப் போதித்தார். பின்னர் துணியை அரையில் கட்டிக்கொண்டு அவர்களுடைய பாதங்களைக் கழுவினார். அவருடைய அணியில் நட்சத்திரங்களுக்கும் இடமுண்டு. ஆனால் பாத்திரத்தையும் துணியையும் எடுக்க மறுப்பவர்க்கு இடமில்லை.

வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்தபின் உடனே வீடு திரும்பிவிடாதீர்கள். உங்கள் சபையில் அதிகமாகச் சுமப்பவர் யார் என்று பாருங்கள். அவரைப் புகழ வேண்டாம். அவர் சுமப்பதில் ஒன்றை நீங்கள் எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். அத்தகைய கேள்வியை எத்தனை நாட்களாக அவர் எதிர்பார்த்திருக்கிறாரோ, கர்த்தரே அறிவார்.

ஒரே சரீரமாய் நம்மை இணைத்த ஆண்டவர்தாமே, தாங்கும் கைகளையும் தாங்கப்படச் சம்மதிக்கும் மனத்தையும் நம் அனைவருக்கும் தந்தருள்வாராக. ஆமென்.